மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கலைன்னா: புதுசா வண்டி ஓட்டுறவங்களுக்கு

கொடைக்கானலிலிருந்து மதுரைக்குத் திரும்பும்போது, டம்டம் பாறை தாண்டி ஒரு வளைவில் என் பிரேக் பெடல் அடி வரைக்கும் போய்விட்டது. ஈரத்துணியை மிதித்த மாதிரி இருந்தது. பிரேக் லைனிங் (சக்கரத்தை உரசி நிறுத்துகிற பட்டை) தீய்ந்த வாடை முன்னாடியே வந்தது. முன்னால் போகிற லாரி என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பு என்னுடையது. நாலாவது கியரிலேயே, பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினேன். அந்த உரசல் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற ரக ஆயில், புதுசா இருந்தால், கொதிக்காமல் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்கணும்; ஈரம் ஏறினால் அந்த வரம்பே 140தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. மிதிக்கிற அழுத்தமெல்லாம் ஆவியை நசுக்கவே சரியாகிவிடும்.

1. பெடலை விட்டு விட்டு வேகமா மிதிங்க. கொஞ்சமாவது பிடிக்கும்.

2. கியரை ஒவ்வொன்றாகக் குறைங்க. இன்ஜின் அலறும், அலறட்டும்.

3. ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கியபடியே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க. பெரும்பாலான கார்களில் அது ஆயில் இல்லாத தனிக் கேபிள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் வழுக்கி வண்டி சுற்றிவிடும்.

4. சாவியில் கை வைக்காதீங்க. பவர் ஸ்டீயரிங் போயிடும், உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கும்.

5. ஹாரனை விடாம அடிங்க. வேறு வழியில்லைன்னா மலைப்பக்கம் உரசி நிறுத்துங்க, பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

நான் நிற்பதற்குள் முன்னால் போன ஆட்டோவின் பின்பக்கம் நசுங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அடிபட்டிருந்தால் முதல் வேலை 108.

தலைவலி அப்புறம்தான். முக்கால் மணி நேரத்தில் ஆயில் ஆறி, பெடல் கல்லு மாதிரி நின்றது! "பிரேக் நல்லாத்தானே இருக்கு தம்பி" என்றார் ஆட்டோக்காரர். அவரை என்ன சொல்ல?

6. அதனால் நின்ற கையோடு, ஆறுவதற்குள், பெடல் அமுங்குவதை வீடியோ எடுங்க.

7. ஸ்டேஷனில் சொல்லுங்க. கேஸ் ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் (அதாங்க, ஆர்டிஓ ஆபீஸ் மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்த்து, கோளாறு இருந்ததா என்று எழுதித் தருவார். அதுவரை எந்த மெக்கானிக்கையும் ஆயில் மாற்ற விடாதீங்க. சாட்சியே அந்த ஆயில்தான்.

8. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்குமுன் இன்சூரன்ஸுக்குப் போன் போடுங்க. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் நசுங்கின பாடிக்குக் கிடைக்கும், தேய்ந்த லைனிங்குக்குக் கிடைக்காது.

9. கடைசியா ஆயில் மாற்றிய பில்லைத் தேடி எடுங்க. என் டேஷ்போர்டில் இருந்தது மூணு வருஷத்துக்கு முந்தியது. ஆயில் டப்பா மூடியைத் திறந்தால் உள்ளே டிகாஷன் நிறம். ஆட்டோக்காரரும் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.