முதல் கண்ணாடித் தட்டு: மின்சூளையில் உருக்கி வளைக்கும் முறை

இந்த விளக்கத்தின் முடிவில் உங்கள் கையில் இருக்கப்போவது 15 செ.மீ. சதுரத்தில், நடுவே லேசாகக் குழிந்த ஒரு சிறு தட்டு. இதற்கு ஊதுகுழல் தேவையில்லை. வெட்டிய கண்ணாடித் தகடுகளை மின்சூளைக்குள் அடுக்கி, உருக்கி ஒன்றாக்கி, அடுத்த முறை ஓர் அச்சின் மேல் வைத்துத் தொய்யவிடுகிறோம். ஆக, சூளையை இரண்டு முறை ஏற்ற வேண்டும். தொடங்குபவர்கள் எல்லாரும் கேட்பது, எத்தனை டிகிரிக்கு ஏற்றுவது என்றுதான். எப்படி இறக்குவது என்று கேட்பவர்கள் குறைவு. தட்டு பிழைப்பதும் பிளப்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது என்பதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எல்லா வெப்ப அளவுகளும் செல்சியஸில்.

சூளை

கண்ணாடிக்கென்று செய்த சூளையில் சூடேற்றும் கம்பிச் சுருள்கள் மூடியில் இருக்கும். உயரம் குறைவாகவும் பரப்பு அகலமாகவும் இருக்கும். மண்பாண்டச் சூளையில் சுருள்கள் பக்கச் சுவர்களில் இருப்பதால் தகட்டின் ஓரம் முதலில் சூடேறும், நடுப்பகுதி பின்தங்கும். அந்த வேறுபாடே தகட்டைப் பிளக்கப் போதும். மண்பாண்டச் சூளைதான் கிடைக்கிறது என்றால் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்; ஏற்றும் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

3 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். நல்ல எர்த்துடன் தனி இணைப்பு போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது வேண்டவே வேண்டாம். சூளையைச் சுற்றிலும் ஒரு அடியாவது இடம் விடுங்கள். அருகில் திரைச்சீலையோ அட்டைப்பெட்டியோ இருக்கக் கூடாது.

கன்ட்ரோலர் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது தெர்மோகப்பிளின் (சூளைக்குள் நீட்டியிருக்கும் வெப்ப உணரியின்) நுனி இருக்கும் இடத்தின் வெப்பம். கண்ணாடியின் வெப்பம் அல்ல. ஏறும்போது கண்ணாடி அந்த எண்ணுக்குப் பின்னால் வரும், இறங்கும்போதும் அப்படியே. போதாக்குறைக்கு, பழகப் பழகத் தெர்மோகப்பிளின் அளவும் மெல்ல விலகும். அதனால் எதையும் செய்வதற்கு முன் சூளையைச் சோதித்துவிடுங்கள். ஒரே தகட்டிலிருந்து ஒரே அளவில் கீற்றுகள் வெட்டி, இரு முனைகளைச் சிறு கற்களின் மேல் பாலம் போல நிறுத்தி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் வையுங்கள். கண்ணாடி தொய்யத் தொடங்கும் வெப்பத்தில் சற்று நேரம் நிறுத்தி, ஆறவைத்துப் பாருங்கள். எந்தக் கீற்று அதிகம் தொய்ந்திருக்கிறதோ அந்த மூலையில் சூடு அதிகம். தட்டுச் செய்ய வந்தவர்களுக்கு இது வீண்வேலையாகத் தெரியும். ஆனால் பிறகு வரும் குழப்பங்களில் பாதியை இந்தச் சோதனை முன்கூட்டியே தீர்த்துவிடும்.

கண்ணாடி

சூடாகும்போது ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வோர் அளவில் விரியும். பொருந்தாத இரண்டை உருக்கி ஒட்டினால், ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கி மற்றதை இழுக்கும். அன்றே விரிசல் விழலாம். சில வாரம் கழித்து அலமாரியில் சும்மா இருக்கும்போதும் விழலாம். இதற்காகத்தான் 90, 96 என்று விரிவு எண் போட்டு விற்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1974-இல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடி 90 வகை. ஆனால் அந்த எண் பொதுவாக 20 முதல் 300 டிகிரி வரையிலான விரிவைத்தான் குறிக்கிறது. கண்ணாடி இறுகும் 500 டிகிரிப் பக்கத்தில் அதன் குழைவு எப்படி மாறுகிறது என்பதை எண் சொல்லாது. ஆகவே எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரு நிறுவனங்களின் தகடுகளைக் கலக்காதீர்கள். பொருத்தம் சோதித்து விற்கும் ஒரே நிறுவனத்தின் கண்ணாடியில் தொடங்குவது நல்லது.

ஜன்னல் கண்ணாடி மலிவு என்று பலரும் அதில் தொடங்குகிறார்கள். தவறில்லை; ஆனால் அதை அதனோடு மட்டுமே, முடிந்தால் ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளோடு மட்டுமே சேர்க்க வேண்டும். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் தகடு அது. ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளீயம், வளைக்கும்போது மங்கலான படலமாகத் தெரியலாம். இந்த விளக்கத்தில் பின்னால் வரும் வெப்ப அளவுகளும் ஜன்னல் கண்ணாடிக்குப் பொருந்தா, இன்னும் அதிக வெப்பம் வேண்டும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சில சிவப்பு, மஞ்சள் தகடுகள் கடையில் வெளிறி இருக்கும், சூளையில்தான் நிறம் ஏறும். கந்தகம் கலந்த வெனிலா நிறத்தோடு செம்பு கலந்த நீலப்பச்சையைச் சேர்த்தால், இரண்டும் தொடும் கோட்டில் கரும்பழுப்பு எழும். தெரிந்து செய்தால் அழகாக இருக்கும்.

வெட்டி அடுக்குதல்

3 மி.மீ. தகட்டில் 15 செ.மீ. சதுரங்கள் இரண்டு வெட்டுங்கள். கட்டரால் ஒரே ஒரு கோடு போதும். அழுத்தம் சீராக இருக்க வேண்டும். ஒரே கோட்டின் மேல் மறுபடி இழுத்தால் கட்டரும் கெடும், வெட்டும் கோணும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஏன் இரண்டு அடுக்கு? முழுதாக உருகிய கண்ணாடி தானாக நிலைகொள்ளும் கனம் ஏறக்குறைய 6 மி.மீ. ஒற்றைத் தகட்டை உருக்கினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு இடை சிறுத்துவிடும். மூன்று அடுக்கு வைத்தால் வெளியே பரவும். இரண்டு வைத்தால் சதுரம் சதுரமாகவே இருக்கும்.

பிறகு நன்றாகக் கழுவித் துடையுங்கள். விரல் ரேகையும் எண்ணெய்ப் பசையும் மேற்பரப்பில் வெண்மூட்டம் விழ வழி செய்யும்.

சூளைத் தட்டைத் தயார் செய்தல்

உருகிய கண்ணாடி வெறும் சூளைத் தட்டில் (சூளைக்குள் கண்ணாடியைத் தாங்கும் பலகையில்) ஒட்டிக்கொண்டால் இரண்டும் போயிற்று. அலுமினா ஹைட்ரேட்டும் வெண்களிமண்ணும் கலந்த கில்ன் வாஷ் பொடியை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்து, மென்மையான அகலத் தூரிகையால் நான்கைந்து முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சையும் வேறு திசையில் பூசுங்கள். 260 டிகிரியில் 20 நிமிடம் வைத்து முழுதாகக் காயவிடுங்கள். ஈரம் மிஞ்சினால் கண்ணாடிக்கு அடியில் குமிழி எழும். பூசச் சோம்பலாக இருந்தால், கண்ணாடி ஒட்டாமல் தடுக்கும் தின்ஃபயர் என்ற சூளைக் காகிதத்தை விரிக்கலாம். அதன் பசை எரிந்து புகையும், அறையில் காற்றோட்டம் வேண்டும். சூளைத் தட்டைச் சூளையின் தரையில் படுக்கவைக்காமல் இரண்டு மூன்று செ.மீ. உயரக் கால்களின் மேல் நிறுத்துங்கள், அடியிலும் சூடு சுற்றட்டும்.

முதல் ஏற்றம்: உருக்கி ஒன்றாக்குதல்

புல்ஸ்ஐ வகைக் கண்ணாடியில் 6 மி.மீ. கனத்துக்கு இந்த அட்டவணை போதும்:

1. மணிக்கு 200 டிகிரி வேகத்தில் 677 வரை. அங்கே 30 நிமிடம்.
2. மணிக்கு 330 வேகத்தில் 804 வரை, 10 நிமிடம்.
3. சூளை எவ்வளவு விரைவாக ஆறுமோ அவ்வளவு விரைவாக 482 வரை. 1 மணி நேரம்.
4. மணிக்கு 55 வேகத்தில் 371 வரை.
5. அதன் பின் அணைத்துவிடலாம்.

677-இல் நிற்பது, இரு தகடுகளுக்கு நடுவே சிக்கிய காற்று வெளியேற. அதற்கு மேல் 760 வரை மெதுவாகப் போனால் மேற்பரப்பு படிகமாகி வெளுக்கும்; அதனால்தான் அங்கே வேகம் கூட்டுகிறோம்.

மூன்றாம், நான்காம் படிகளைத்தான் அனீலிங் என்கிறார்கள். மேற்பரப்பு முந்திக்கொண்டு ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு தட்டலில் பிளக்கும். 482-இல் ஒரு மணி நேரம் நின்றால் முழுத் துண்டும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். பிறகு அந்தச் சமநிலை குலையாத வேகத்தில் இறக்குகிறோம். கனம் கூடினால் இந்த நேரம் கடுமையாக நீளும்: கனம் இரண்டு மடங்கானால் இறக்கும் வேகம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காக வேண்டும். 12 மி.மீ.க்கு 2 மணி நேர நிறுத்தமும் மணிக்கு 55 டிகிரியும் போதும் (மேலே 6 மி.மீ.க்குத் தந்த 55 தேவைக்கும் மெதுவானதுதான்), 25 மி.மீ.க்கு 4 மணி நேரமும் மணிக்கு 15 டிகிரியும் தேவை. அமெரிக்காவின் பாலோமர் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் கார்னிங் நகரில் வார்த்த 5 மீட்டர் கண்ணாடி வில்லையை ஏறக்குறைய பத்து மாதம் ஆறவைத்தார்கள். நமக்கு ஓர் இரவு பொறுக்க முடியாதா?

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். கன்ட்ரோலர் அறை வெப்பத்தைக் காட்டிய பிறகே திறக்க வேண்டும்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை

ஓரம் வழுவழுவென உருண்டிருந்தால் சரி. இரு அடுக்குகளும் இன்னும் படியாகத் தெரிந்தால் சூடு போதவில்லை. அடுத்த முறை 5 டிகிரி கூட்டுங்கள். ஓரத்தில் ஊசி போன்ற முட்கள் நீட்டியிருந்தால் சூடு மிகுதி.

உடைந்திருந்தால் விரிசலை விரலால் தொடாமல் கண்ணால் படியுங்கள். முனை மழுங்கி உருண்டிருந்தால் ஏறும்போதே பிளந்து, பிறகு உருகியிருக்கிறது; முதல் படியின் வேகத்தைக் குறையுங்கள். முனை கூராக இருந்தால் இறங்கும்போது பிளந்தது. விரிசல் இரு நிறங்கள் சேரும் கோட்டை ஒட்டியே போனால் பொருத்தமில்லாத கண்ணாடி என்று சந்தேகப்படலாம்.

இரண்டாம் ஏற்றம்: வளைத்தல்

மண் அச்சுக்கும் அதே கில்ன் வாஷ். அடியில் காற்றுத் துளை இருக்கிறதா, அது அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிக்கும் காற்று தட்டின் நடுவை மேலே தள்ளும். அச்சையும் சிறு கால்களின் மேல் நிறுத்தி, தகட்டை நடுவில் சரியாக வையுங்கள். இப்போது அது 6 மி.மீ. கனமுள்ள ஒரே துண்டு, ஆகவே முன்பை விட மெதுவாக, மணிக்கு 100 டிகிரி வேகத்தில் 650 வரை போய் 10 நிமிடம் நிறுத்துங்கள். அச்சின் ஆழத்தைப் பொறுத்து இது மாறும். பார்க்கும் துளை இருந்தால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து பார்த்து, தட்டு அச்சில் படிந்ததும் அடுத்த படிக்கு நகர்த்திவிடலாம். ஆறவைக்கும் படிகள் பழையபடியே. அனீலிங் முன்பே செய்துவிட்டோமே என்று அதைத் தவிர்க்கக் கூடாது. மீண்டும் சூடானதும் பழைய அனீலிங் கணக்கில் இல்லை.

சூளைத் தட்டின் பூச்சை ஒவ்வொரு முழு உருக்கலுக்குப் பின்னும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். பழையதன் மேலேயே கண்ணாடியை வைத்தால் அடிப்பக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் ஒட்டும். வளைக்கும் அச்சின் பூச்சுக்கு அந்த வெப்பத்தில் சேதம் இல்லை, உதிராத வரை பல முறை தாங்கும். சுரண்டும்போது தூசி பறக்காதபடி நீரால் நனைத்து, நல்ல சுவாசக் கவசம் அணிந்து செய்யுங்கள்.