வீடு விற்பனைக்குப் போட்டும் ஆள் வரவில்லையா? விருதம்பட்டில் பத்து மாதம் காத்திருந்து கற்றுக்கொண்ட செய்முறை

வேலூர் விருதம்பட்டில் அப்பா 1994-இல் கட்டிய வீட்டை விற்க எங்களுக்குப் பத்து மாதம் பிடித்தது. அதில் முதல் ஐந்து மாதத்தை வீணாக்கியது நான்தான். சந்தை மந்தம், ஆடி மாதம், தெற்கு வாசல் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆள் வராததற்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது.

வீட்டைப் பற்றி இரண்டு வரி: 1,200 சதுர அடி மனை, 850 சதுர அடி கட்டடம், மாடி கிடையாது, பாலாற்றுக்கு வடக்கே காட்பாடிச் சாலையிலிருந்து நடக்கும் தூரம். 2024 ஜூனில் விற்பனைக்குப் போட்டோம், 2025 ஏப்ரலில் பத்திரம் முடிந்தது.

படி 1: காகிதங்கள்

இதை விரிவாக எழுதப்போவதில்லை. மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், நடப்பு அரையாண்டு வரையிலான சொத்து வரி ரசீது ஆகியவற்றை நகலெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். சொத்து இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழும் பட்டா மாற்றமும் முடிந்த பிறகே வாய் திறங்கள். எங்கள் வீட்டில் அம்மா, தங்கை, நான் என்று மூன்று கையெழுத்து. "தங்கை ஒப்புக்கொண்டாளா?" என்று முதல் ஆளே கேட்டார். பெங்களூரில் இருப்பவளை வரவழைத்துப் பேசி முடித்த பிறகுதான் அடுத்த வேலை ஓடியது.

படி 2: விலையை வாங்குபவர் பக்கமிருந்து கணக்குப் போடுங்கள்

நான் முதலில் வைத்த விலை 68 லட்சம். எப்படி வந்தது? பக்கத்துத் தெருவில் ஒருவர் 70 கேட்கிறார் என்று காதில் விழுந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், விற்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கேட்கும் விலையை விட்டுவிட்டு, கடந்த ஓராண்டில் கைமாறிய வீடுகளின் விலையை விசாரியுங்கள். அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் பத்திர எழுத்தர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் தெரு வாரியாக வழிகாட்டி மதிப்பு கிடைக்கும். அது அரசு கட்டணம் கணக்கிட வைத்திருக்கும் தொகை, சந்தை விலை என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது வாங்குபவரின் நாற்காலியில் உட்காருங்கள். வீடு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு, மதிப்பில் 80 சதவீதம். ஆகவே 12 லட்சம் சொந்தப் பணம். வங்கியின் மதிப்பீட்டாளர் 56 என்று எழுதிவிட்டால் அந்த இடைவெளியும் அவர் தலையில். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: இன்னும் 5 லட்சத்து 40 ஆயிரம். (11 சதவீதம் என்று சொல்லும் பெரியவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது, அந்தக் கணக்கு அவர்கள் மனத்தில் நின்றுவிட்டது.) மொத்தம் 17 லட்சத்து 40 ஆயிரம், தரகு தனி.

இவ்வளவு பணம் யாரிடமும் சும்மா இருப்பதில்லை. குடியாத்தம் பக்கத்து நிலத்தை விற்க வேண்டும், சீட்டு எடுக்க வேண்டும், நகையை வைக்க வேண்டும். "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று போனவர் ஆறு வாரம் பேசாமலிருந்தால், பெரும்பாலும் இந்தப் பணத்தைத் திரட்டிக்கொண்டிருக்கிறார். அது தெரியாமல் நான் நாலாம் நாளே போன் செய்து அவசரப்படுத்தி, ஒரு நல்ல ஆளை விரட்டிவிட்டேன்.

படி 3: ஒரே விலை, ஒரே வாய்

நான் விழுந்த குழி இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மூன்று தரகர்களிடம் சொன்னால் மூன்று மடங்கு ஆள் வருவார்கள் என்று நினைத்தேன். மூவருக்கும் 65 என்று சொல்லியிருந்தேன். (68 ஏழு வாரத்தில் ஒரு போன்கூடக் கொண்டுவராததால் இறக்கியது.) ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். விலை பேச யாரும் வாய் திறக்கவில்லை. பேரமே இல்லாத விற்பனை எங்கேயாவது உண்டா?

அக்டோபரில் ஒரு காலை, தோட்டம் கூட்டப் போயிருந்தேன். தெரு முனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர், பெட்டியில் கரியை விசிறிக்கொண்டே கேட்டார்: "அக்கா, உங்கள் வீடு 58-க்கு முடிந்துவிட்டதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னார்கள் என்றேன். "நேற்று ஒரு புரோக்கர் பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். 58 வரை இறக்கித் தருகிறேன் என்று இங்கே நின்றுதான் பேசினார். போன வாரம் வேறொருவர் 61 என்றாரே?"

அன்று மாலை என் சித்தி மகனை விட்டு மூவருக்கும் வாங்குபவர்போலப் போன் செய்யச் சொன்னேன். 65, 61, 58. ஒரே வீடு, ஒரே நாள், மூன்று விலை. மூன்றையும் கேட்டவர் என்ன நினைப்பார்? இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் 55-க்கு வரும் என்று நினைப்பார். நான் அவருக்காகக் காத்திருந்தேன், அவர் என் விலை இறங்கக் காத்திருந்தார்.

தரகர்களைத் திட்டிப் பயனில்லை. ஆளை முதலில் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்பது அவர்கள் பிழைப்பு. செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூவரையும் நேரில் பார்த்து, "இப்போதைக்கு விற்கவில்லை" என்று சொல்லி நிறுத்துங்கள். பலகையைக் கழற்றுங்கள், இணைய விளம்பரங்களை நீக்குங்கள். ஒரு மாதமாவது சும்மா இருங்கள். பிறகு ஒரே தரகரிடம் மூன்று மாதக் கெடு வைத்துக் கொடுங்கள். அந்த மூன்று மாதத்தில் நீங்களே ஆள் பிடித்தாலும் அவருக்குப் பாதித் தரகு உண்டு என்று சொல்லிவிட்டால் விலையை உடைக்க மாட்டார். நாங்கள் டிசம்பரில் 62 என்று மறுபடி வைத்தோம். மார்கழி போய்த் தை பிறந்ததும் போன் வரத் தொடங்கியது.

இன்னொன்று. இஸ்திரிக்காரர், எதிர் டீக்கடை, பக்கத்து வீட்டுப் பாட்டி மூவரிடமும் சரியான விலையைச் சொல்லி வையுங்கள். வீடு வாங்க வருபவர் உங்களிடம் பேசுவதற்கு முன் இவர்களிடம்தான் தண்ணீர் எப்படி, அக்கம்பக்கம் எப்படி என்று கேட்கிறார்.

படி 4: பேச்சு எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

கணினியில் அட்டவணை போடச் சொல்வார்கள். எனக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்தான் சரிப்பட்டது. போன் வரும்போது அடுப்படியில் நிற்போம், கணினி முன்பா உட்கார்ந்திருப்போம்? தேதி, யார் மூலம், என்ன வேலை, முதல் கேள்வி என்ன, எந்த இடத்தில் பேச்சு நின்றது. ஐந்தே பத்திகள்.

போனே வரவில்லை என்றால் விலை அதிகம், அல்லது வீடு விற்பனையில் இருப்பதே யாருக்கும் தெரியாது. போன் வந்து ஆள் வரவில்லை என்றால் விளம்பரத்தில் எதையோ மறைத்திருக்கிறீர்கள். நான் "தெற்கு வாசல்" என்று எழுதாமல் விட்டிருந்தேன். எழுதிய பிறகு போன்கள் பாதியாகக் குறைந்தன, ஆனால் போன் செய்தவர்கள் வந்தார்கள். இரண்டாம் முறை மனைவியையோ மாமனாரையோ கூட்டி வந்த பிறகு நின்றுபோனால் பணமோ காகிதமோ தடுக்கிறது. அப்போது "முடிவு செய்துவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். "வங்கிக்குப் பத்திர நகல் வேண்டுமா?" என்று ஒரு முறை கேளுங்கள், போதும்.

வந்தவர்கள் ஒரே முறையோடு நின்றால் வீட்டுக்குள்தான் ஏதோ கோளாறு. என் நோட்டில் ஐந்து பேருக்கு எதிரே "பின்கட்டு வரை வந்தார்கள், திரும்பிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தது. ஐந்தாவது முறை எழுதும்போதுதான் பொறி தட்டியது. மறுநாள் நான் வாங்க வந்தவள்போல வாசலிலிருந்து நடந்து போய்ப் பார்த்தேன். குளியலறைக் கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம்.

காரணம் மிக எளியது. தரையில் தண்ணீர் போகும் சல்லடைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. பூட்டிய வீட்டில் அது வற்றிவிடும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். கரப்பான் பூச்சியும் அந்த வழியாகத்தான் ஏறி வருகிறது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு சல்லடையிலும் கால் வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கழிப்பறையிலும் ஊற்றுங்கள். அதே நாளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் இறுகிப்போகும். மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், பூட்டிய வீடு அதைத் தாண்டாது.

பார்க்க வருபவர்களுக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் நேரம் கொடுங்கள். மாடி இல்லாத வீட்டின் கூடத்தில் பங்குனி வெயிலில் மதியம் மூன்று மணிக்கு நிற்பவர் வாங்க மாட்டார். நானாக இருந்தாலும் வாங்க மாட்டேன்.

பலகைக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம், இரண்டே மாதத்தில் வெளுத்து எண் தெரியாமல் போனது. அதன்பின் தகரத்தில் பெயின்ட் அடித்து எழுதியது கடைசி வரை அழியவில்லை. எனக்குப் பயன்பட்ட இன்னொன்று ஞாயிற்றுக்கிழமைத் தினத்தந்தி வரி விளம்பரம். இணையத்தில் பார்த்தவர்கள் கேள்விதான் கேட்டார்கள். பேப்பர் பார்த்த ஓய்வுபெற்ற ராணுவத்தினர் இருவர் பேருந்து ஏறி வந்தார்கள்.

படி 5: ஆற்றைப் பற்றிய கேள்விக்கு முன்கூட்டியே பதில் வையுங்கள்

நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோயில் கணக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப எழுந்தருளியபோது தீர்ந்தது. ஆற்றுக் கணக்கைப் பாலாறு 2021 நவம்பரில் தீர்த்துவைத்தது. அதன்பின் விருதம்பட்டில் வீடு பார்க்கும் எவரும் "அந்த வெள்ளத்தில் இங்கே தண்ணீர் வந்ததா?" என்று கேட்காமல் போவதில்லை. எங்கள் தெருவுக்கு வரவில்லை. நான் வாயால் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பேரன் மாடியிலிருந்து எடுத்த படம் தேதியோடு இருந்தது. அதைக் கோப்பில் சேர்த்த பிறகு கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்தது. உங்கள் தெருவில் தண்ணீர் வந்திருந்தால் எதுவரை வந்தது என்று நீங்களே காட்டிவிடுங்கள். இஸ்திரிக்காரர் எப்படியும் சொல்லிவிடுவார்.

படி 6: முன்பணம்

முடிந்த விலை 59 லட்சத்து 50 ஆயிரம். வாங்கியவர் காட்பாடியில் கல்லூரி ஊழியர். முன்பணம் ரொக்கமாகத் தருகிறேன் என்றார். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். அபராதம் விற்பவர் மேல்தான் விழும். வங்கி வழியாகவே வாங்குங்கள்.

50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நாங்கள் மூன்று பேராக விற்பதால் ஒவ்வொருவர் பங்கும் 20 லட்சம்தானே, பிடிக்க வேண்டாம் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். 2024 அக்டோபர் முதல் அந்தக் கணக்கு செல்லாது, மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் பிடித்த வரியை மூவரின் பான் எண்ணிலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். இதைப் பத்திரத்துக்கு முதல் நாள் கண்டுபிடித்து ஒரு நாள் முழுக்க அலைந்தோம்.

பிற்சேர்க்கை 1: ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகு வாங்குபவருக்குக் கடன் கிடைக்கவில்லை. ஆள் விலகிவிட்டார், ஆனால் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிதழில் நிற்கிறது. அடுத்து வந்தவர் அதைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டார். ரத்துப் பத்திரத்துக்கு இருவரும் பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும், அவரோ ஓசூரில். நான் எழுதத் தவறிய படி இது. கடனுக்கு வங்கி கொள்கை அளவில் ஒப்புதல் தந்த கடிதத்தைப் பார்த்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள். கெடு தவறினால் ரத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும், அதன் பிறகே முன்பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 2: "காத்திருக்கும் மாதங்களில் வாடகைக்கு விடலாமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதக் கணக்கில் விடலாம் என்று எனக்கும் ஆசை காட்டினார்கள். நான் விடவில்லை. குடியிருப்பவர் இருக்கும் வீட்டைக் காலை ஏழு மணிக்கு எப்படித் திறந்து காட்டுவது? வாடகையை விட எனக்கு அந்தச் சாவி கையில் இருப்பது முக்கியமாகப் பட்டது. சல்லடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையே என்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து வையுங்கள். எங்களுக்குப் பாட்டிதான் ஊற்றினார். சனிக்கிழமை தவறாமல், தன் வீட்டு வாசல் தெளித்த கையோடு.