காஸ்ட் கட்டை கடைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் லேத்தில் காஸ்ட் கட்டையொன்றை, அதாவது வார்ப்பிரும்பு உருளையொன்றை, பூட்டிக் கடைந்துகொண்டிருந்தார். நான் வாசலில் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் புல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தத்திலேயே விளங்கிவிட்டது. வார்ப்பிரும்பு ஒழுங்காக வெட்டுப்பட்டால் முறுக்கு நொறுங்குகிற மாதிரிக் கேட்கும். இது தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம். போய்ப் பார்த்தால் வெட்டுகிற டூலின் மூக்கு மழுங்கிவிட்டது, கட்டை மினுங்குகிறது, அளவு மட்டும் குறையவில்லை.

“ஏன் தம்பி இவ்வளவு மெல்லிசா எடுக்கிறீங்கள்?”

“முதல் வெட்டுத்தானே அண்ணை. பயந்து பயந்து எடுக்கிறன்.”

பழகிய காலத்தில் நானும் இதையேதான் செய்தேன், இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன். கட்டையைப் பிடிக்கிற சக்கின் சாவியைக் கழற்ற மறப்பது, கண்ணாடி போடாமல் நிற்பது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை முதல் நாளே யாராவது பேசித் திருத்திவிடுகிற விடயங்கள்.

தோலை உரசுவது

மண் அச்சில் வார்த்த கட்டைக்குத் தோல் உண்டு. உருகிய இரும்பின் சூட்டில் மணல் அதில் ஒட்டி வெந்து கிடக்கும். அச்சோடு பட்டு விரைவாகக் குளிர்ந்த இடங்களில் கரியம் கிராபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கடும் கார்பைட்டாக நின்றுவிடும். அச்சு மண்ணின் ஈரத்தில் எழும்பிய வாயு, தோலுக்குச் சற்றுக் கீழே ஊசிமுனை அளவுத் துளைகளாக அடைபட்டிருக்கும். 0.2 மி.மீ. வெட்டு வைத்தால் டூலின் மூக்கு முழு நேரமும் அந்த மணலுக்குள்ளேயே ஓடுகிறது. சாணைக் கல்லில் டூலைப் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதலில் கம்பித் தூரிகையாலும் உளியாலும் மணலைத் தட்டி எடுங்கள். பிறகு கட்டையின் முனையில் 45 பாகையில் ஒரு சரிவு வெட்டி, தோலுக்குக் கீழே இருக்கும் சுத்த இரும்பைக் கண்ணால் பாருங்கள். அந்த ஆழத்துக்கும் கொஞ்சம் கூடவே முதல் வெட்டை வையுங்கள். நான் பக்கத்துக்கு 2 மி.மீ.க்குக் குறைய வைப்பதில்லை. மூக்கு நல்ல இரும்புக்குள் போகும், தோல் மேலே உடைந்து விழும். வேகத்தைக் குறையுங்கள். ஹைஸ்பீட் உருக்கு டூல் என்றால் நிமிடத்துக்கு 20 மீற்றர் போதும். 65 மி.மீ. கட்டைக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 98 சுற்று. கார்பைட் டிப் என்றால் வார்ப்பிரும்புக்கு உரிய கே (K) ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் சிவப்பு நிறம் போட்டிருக்கும்.

அளவோடு ஒட்டிய கட்டையை வாங்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். இன்றைக்கும் யாராவது செய்வதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

1990களில் பொருளாதாரத் தடையால் சீமெந்தும் பற்றரியும் எரிபொருளும் வன்னிக்குள் வரமுடியாமல் கிடந்த காலத்தில், எங்கள் பட்டறைகள் கிடைத்த பழைய இரும்பை வைத்தே ஓடின. எனக்குத் தொழில் பழக்கியவர் அந்தக் காலத்து மனிதர். ஒரு துண்டு இரும்பையும் வீசமாட்டார். “இருக்கிறதுக்குள்ள எடடா” என்பார். அந்தச் சிக்கனத்தால் பல நீர்ப் பம்புகளும் மில்லுகளும் ஓடின. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எங்கள் கையில் ஒட்டிக்கொண்டது. பாதை திறந்து கட்டை விரும்பிய அளவில் கிடைக்கிற காலத்திலும், முடிவு அளவுக்குப் பக்கத்திலேயே கட்டை தேடுகிறோம்.

பரந்தன் பக்கம் ஒரு கமக்காரருக்கு, சிறுபோகத்தில் வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு இறைக்கிற பெரிய பம்பின் சிலீவ் தேய்ந்துவிட்டது. தண்டின் மேல் மாட்டுகிற குழாய் அது. அதன் மேல்தான் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கிற கிளாண்டுக் கயிறு அழுத்திக்கொண்டு நிற்கும், ஆகவே வெளிமுகம் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும். வெளிவிட்டம் 60 மி.மீ., நீளம் 120. நான் 65 மி.மீ. மண்வார்ப்புக் கட்டை வாங்கினேன். ஐந்து மி.மீ. கூட இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தேன்.

ஐந்து என்பது விட்டத்தில். ஒரு பக்கத்துக்கு இரண்டரை. கட்டை வட்டமாகவும் இல்லை. ஒரு திசையில் 65, மறு திசையில் 64. நீளத்தில் லேசான வளைவு இருந்ததால், சக்கில் பூட்டியபோது நடு 0.75 மி.மீ. தள்ளி நின்றது. இப்போது கணக்குப் பாருங்கள். ஒடுங்கிய பக்கத்தில் 64இல் பாதி 32. அதில் 0.75 போனால் 31.25. முடிவு அளவின் பாதி 30. மிச்சம் 1.25 மி.மீ. அந்தப் பக்கத்தில் தோலுக்கடியில் கிடந்த வாயுக் குழிகளோ ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் ஆழம்.

இந்தக் கணக்கை நான் கடைவதற்கு முன்னர் போடவில்லை. உள்துளையை முதலில் குடைந்து, தண்டுக்கு அளவாக்கி முடித்துவிட்டு வெளியே வந்தேன். விட்டம் 62இல் ஒரு பக்கம் தோல் போகாமல் முழுக்கக் கறுப்பு. 61இல் கறுப்பு சுருங்கித் தீவு தீவாக நின்றது. 60.3இல் மூன்று குழிகள், உழுந்தளவு, விரல்நகம் தடுக்கி நிற்கிற ஆழம். இனி எடுக்க இரும்பு இல்லை. கமக்காரர் பட்டறைத் திண்ணையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருக்கிறார். குடலைப் பருவத்துப் பயிர் தண்ணீருக்குக் காத்து நிற்கிறது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் இன்னும் எனக்குள் நிற்கிறது.

70 மி.மீ. கட்டை வாங்கியிருந்தால், அதே கோணலும் அதே வளைவும் இருந்தாலும், ஒடுங்கிய பக்கத்தில் 3.75 மி.மீ. கிடைத்திருக்கும். இரண்டு மி.மீ. குழியைத் தாண்டிய பிறகும் கையில் இரும்பு மிஞ்சும். அந்த நீளத்துக்கு 65க்கும் 70க்கும் நிறை வித்தியாசம் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை மிச்சம் பிடிக்கப் போய் முழுக் கட்டையும் ஒரு நாள் வேலையும் போனது. ஒரு வயலுக்கு இரண்டு நாள் தண்ணீரும் போனது.

இப்போது நான் செய்வது இது. 100 மி.மீ. வரையான மண்வார்ப்புக் கட்டைக்கு, விட்டத்தில் 10 மி.மீ. கூட இல்லாமல் வேலையை ஏற்பதில்லை. வாங்கும்போதே வேர்னியரால் மூன்று இடத்தில், ஒவ்வோரிடத்திலும் இரண்டு திசையில் அளக்கிறேன். நேரான சட்டத்தின் மேல் உருட்டி வளைவு பார்க்கிறேன். ஆகக் கெட்ட பக்கம் எதுவோ அங்கே எவ்வளவு இரும்பு நிற்கிறது என்பதே கட்டையின் உண்மையான அளவு. நாலு தாடைச் சக்கில் பூட்டி, குழி கூடிய பக்கம் வெளியே வரும்படி நடுவை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்தால் சில கட்டைகள் தப்பும். இது இரும்பைக் காப்பாற்றுகிற சரியான சிக்கனம். பழைய மனிதருக்கு இது நன்றாகத் தெரியும், நான்தான் அவரிடமிருந்து பாதியைப் பழகினேன்.

வெளிமுகம் குழியில்லாமல் சுத்தமாகும் வரை துளையும் குடையாதீர்கள், தண்டோடு பூட்டுகிற சாவிக்கான தடமும் வெட்டாதீர்கள். கட்டை கெட்டது என்று தெரிவதானால் முதல் அரைமணி நேரத்தில் தெரியட்டும்.

தொடர்வார்ப்புக் கட்டையை நம்பித் தோலை விடுவது

நீரால் குளிர்த்திய கிராபைட் அச்சுக்குள்ளால் இழுத்து வார்க்கிற கட்டைகளும் உண்டு. அவற்றில் மணல் இருக்காது, மேல்முகம் பார்க்க அழகு. ஆனாலும் ஓரம் முதலில் உறைவதால் அந்த வளையத்தில் கிராபைட்டின் அமைப்பு நடுப்பகுதியைப் போல் இராது. உராய்கிற முகம் அந்த வளையத்துக்குள் விழக்கூடாது. இதற்கும் தோல் கழிக்க அளவு விட்டுத்தான் வாங்கவேண்டும், மண்வார்ப்பை விடக் குறைவாக.

குழியை அடைப்பது

அந்தச் சிலீவ் கெட்ட அன்றைக்குப் பட்டறையில் ஒருவர், காஸ்ட் தூளைப் பசையில் குழைத்து அப்பி, மினுக்கிக் கொடுத்துவிடலாம் என்றார். கயிறு உராய்கிற இடத்தில் அது நிற்காது. அடைக்காதீர்கள்.

வெள்ளை இரும்போடு மல்லுக்கட்டுவது

வெட்டும்போது டிக் டிக் என்று ஓரிடத்தில் தட்டி, அங்கே கண்ணாடித் துண்டு மாதிரி மினுக்கம் தெரிந்தால் நிறுத்துங்கள். அரத்தை வைத்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் அது விரைவாகக் குளிர்ந்து இறுகிய இடம், வெள்ளை இரும்பு. 900 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சூடாக்கி, மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே வைத்து, மெல்ல ஆறவிட்டால் இளகும். உலைக்களத்தில் சிவக்கக் காட்டி எடுத்தால் இளகாது. கட்டையை மாற்றுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது

ஊற்றாதீர்கள். காஸ்ட் தூளும் நீரும் சேர்ந்தால் சாந்து, அது லேத்தின் அடிச் சட்டமான பெட்டைத் தின்னும்.

தூளை ஊதித் தள்ளுவது

காற்றுக் குழாயால் ஊதினால் கறுப்புத் தூள், டூலைச் சுமந்து பெட்டின் மேல் ஓடுகிற கரேஜுக்கு அடியிலும் உங்கள் நெஞ்சுக்குள்ளும் போகும். கடையத் தொடங்குமுன் பெட்டின் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பழைய பேப்பரை விரியுங்கள். மூக்கைக் கட்டுங்கள். முடிந்ததும் பேப்பரைச் சுருட்டி எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, அதற்குப் பிறகு எண்ணெய் பூசுங்கள்.

வெட்டு முடிகிற ஓரம்

டூல் வெளியேறுகிற முனையில் முதலே சரிவு வெட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் பல்லுப்போல் உடைந்து விழும். அந்தத் தம்பி நேற்று இரண்டு முனையிலும் சரிவு வெட்டிவிட்டுத்தான் முதல் வெட்டை வைத்தார். பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. நான் வாசலில் நின்றே கேட்டேன், முறுக்குச் சத்தம்.