பெங்களூரில் ஏ.ஏ. கூட்டம்: தேடுவது எப்படி, முதல் நாள் என்ன நடக்கும்

குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கூட்டத்துக்குப் போக டாக்டர் சீட்டு வேண்டாம், கட்டணம் கிடையாது. ஆனால் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் உடம்பு

காலையில் கை நடுங்குகிறது, ஒரு நைன்ட்டி (90 மில்லி சரக்கு) உள்ளே போனால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு நினைவு குழம்பும், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். மது மூளையை மந்தமாக்குகிறது. அதை ஈடுகட்ட மூளை வருஷக்கணக்காகத் தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மது சட்டென்று நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சிவிடுகிறது.

டாக்டர் சில நாளுக்கு மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்துப் பத்திரமாக இறக்கிவிடுவார். ஓசூர் ரோட்டில் உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் போதைப் பழக்கச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் நேராக 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் குடிநிறுத்த மாத்திரை கலப்பது வேண்டவே வேண்டாம். அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கூட்டத்தைத் தேடுவது

கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரம்தான். முன்பணம் கேட்டாலோ, "வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம்" என்றாலோ அது ஏ.ஏ. இல்லை, போனை வைத்துவிடுங்கள். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தைத் திறந்து அங்கிருந்து பெங்களூர் எண்ணைப் பிடியுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனம் ரொம்ப உடைந்திருந்தால் எந்நேரமும் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.

போனில் கேட்க வேண்டியது நான்கு:

1. எந்த மொழியில் நடக்கிறது? கன்னடக் கூட்டமென்றால் தமிழில் பேசலாமா?
2. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்ததற்கு மனைவியோ நண்பரோ கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும்.
3. இந்த வாரமும் அதே நாள், அதே நேரம்தானா?
4. எந்த கேட், எந்த அறை?

நான்காவதை அற்பமாக நினைக்காதீர்கள். கூட்டங்கள் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடக்கும், வாசலில் போர்டு இருக்காது. இருட்டில் கேட்டுக்கு கேட் அலைந்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. சர்ச்சில் நடப்பதால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். அறை மட்டும்தான் சர்ச்சுடையது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நீங்கள் வழக்கமாகக் குடிக்கத் தொடங்குவது மாலை ஏழு என்றால் ஏழு மணிக் கூட்டமே உங்களுக்கானது. ஞாயிறு காலைக் கூட்டம் வசதிதான், ஆனால் அந்த நேரத்தில் கால் வைன்ஸ் கடை பக்கம் இழுப்பதில்லையே. சாயங்கால டிராஃபிக்கை நம்பாமல் அல்சூர், ஸ்ரீராமபுரம் மாதிரி மெட்ரோ நிற்கும் இடமாகப் பாருங்கள். மர்ஃபி டவுனிலோ ஆஸ்டின் டவுனிலோ இருந்துகொண்டு "பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டால்?" என்று கூச்சமாக இருந்தால் இரண்டு ஏரியா தள்ளிப் போங்கள். கிளம்பும் முன் வயிறு நிறைய ஏதாவது சாப்பிடுங்கள். பசியைக் குடிக்கும் ஆசை என்று நினைத்து ஏமாறுவது ரொம்ப சகஜம்.

அறைக்குள்

பத்து நிமிஷம் முன்னால் போய் "புதுசா வந்திருக்கேன்" என்று சொன்னால் போதும். கூட்டம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் நடக்கும். டாக்டரோ கவுன்சிலரோ நடத்துவதில்லை. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் அறுவை மருத்துவர். இருவரும் குடியில் மாட்டியவர்கள். குடித்தவர் பேச்சைக் குடித்தவர் கேட்பது என்ற அந்த ஏற்பாடுதான் இன்றுவரை தொடர்கிறது.

ஒவ்வொருவரும் "என் பேர் இது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையை மட்டும் பேசுவார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னிக்கு கேக்கறேன்" என்று விட்டுவிடலாம். முழுப்பெயர், வேலை, சம்பளம் எதையும் சொல்லத் தேவையில்லை. கடைசியில் ஒரு பை சுற்றிவரும். வாடகைக்கும் டீக்குமான காசு அது. புதியவர் போட வேண்டியதில்லை.

முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பேரின் போன் நம்பரை வாங்குங்கள், ஆண் ஆணிடம், பெண் பெண்ணிடம். குடிக்கத் தோன்றும்போது கூப்பிடத்தான் அந்த நம்பர், குடித்த பிறகு அல்ல. பின்னால் அவர்களில் ஒருவரே உங்களுக்கு ஸ்பான்சராகவும், அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினராகவும், அமையலாம்.

எங்கே சறுக்குகிறது

முதல் கூட்டம் பிடிக்காமல் போவதே அதிகம். சில குழுவில் கடவுள் பேச்சு தூக்கலாக இருக்கும், சில குழுவில் எல்லாரும் வயதானவர்கள். வேறு வேறு குழுவாக ஐந்தாறு பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று பழையவர்கள் சொல்வார்கள். அது சட்டமில்லை, ஆனால் முதல் மாதம் வாரத்துக்கு ஒன்று போதாது.

யாராவது உங்கள் மனநல மாத்திரையை நிறுத்தச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது டாக்டரின் வேலை. கடன் கேட்பவரிடமிருந்தும், பெண்களிடம் அக்கறை என்ற பேரில் நெருங்குபவரிடமிருந்தும் விலகி, குழுவில் மூத்தவரிடம் சொல்லுங்கள்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டிலுள்ளவர்கள் போக அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. நடுவில் அவர் திரும்பக் குடித்துவிட்டால் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று எந்தத் தடையும் கிடையாது. வாடையோடு வந்தாலும் பின்வரிசையில் பேசாமல் உட்காரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.