பால்டிக் கரையில் அம்பர் பொறுக்குவது எப்படி

அம்பர் என்றதும் நம்மூரில் பலருக்கு நினைவு வருவது திமிங்கலத்தின் குடலில் உருவாகிக் கரை ஒதுங்கும் மெழுகுக் கட்டி. அதை வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். இங்கே பேசுவது வேறு சரக்கு: சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்து, இறுகிப்போன பிசின். லிதுவேனியாவின் பலாங்கா, கார்க்லே கரைகளிலும், போலந்தின் கதான்ஸ்க் வளைகுடாவிலும் அலை அதைக் கொண்டுவந்து போடுகிறது.

நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், அம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை. பால்டிக் கடல் உப்புக் குறைந்தது, அதன் நீர் 1.005 அளவுதான். ஆகவே அமைதியான கடலில் அம்பர் அடியில் கிடக்கும். கொஞ்சம் கலக்கினாலே எழும்பி நகரும். அதைத் தேட வேண்டிய நேரமும் இடமும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

முதலில் நேரம். கடலிலிருந்து கரை நோக்கி ஒன்றிரண்டு நாள் பலமாகக் காற்றடித்து, ஓயத் தொடங்கும் வேளை. புயல் உச்சத்தில் போனால் அலை எல்லாவற்றையும் அள்ளிப் புரட்டிக்கொண்டிருக்கும், ஒன்றும் தங்காது. ஒரு முழு நாள் கழித்துப் போனால் ஊர்க்காரர்கள் பொறுக்கி முடித்திருப்பார்கள். குளிர்ந்த நீர் கனமானது, அதனால்தான் குளிர்காலத்தில் அம்பர் மிதந்து வருகிறது என்று சொல்வதுண்டு. 20 டிகிரி நீருக்கும் 4 டிகிரி நீருக்கும் அடர்த்தி வேறுபாடு 0.2 விழுக்காடுதான். அக்டோபர் முதல் மார்ச் வரை வீசும் புயல்களைத்தான் பெரிய காரணமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது இடம். அம்பரைத் தேடாதீர்கள், குப்பையைத் தேடுங்கள். கடற்பாசி, கறுத்த சுள்ளி, மரத்தூள் இவை வரிசையாக ஒதுங்கிய கோடுதான் குறி. அம்பரைச் சுமக்கும் அதே வேகத்து நீர்தான் இவற்றையும் சுமக்கிறது. வெறும் மணலிலும் பெரிய கூழாங்கல் மேட்டிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம். பாசிக் குவியலை ஒரு குச்சியால் மெல்லப் பிரித்துப் பாருங்கள், அடிப்பக்கம்தான் முக்கியம். கிடைப்பதில் பெரும்பாலானவை பட்டாணி அளவுக்கும் கீழே. பளபளக்கும் தேன் நிறத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுவார்கள். பல துண்டுகளின் மேல் பழுப்புப் பொருக்கு மூடியிருக்கும். 1963இல் திறந்த பலாங்கா அம்பர் அருங்காட்சியகத்தில் பட்டை தீட்டாத துண்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் கண் பழகும்.

இருட்டில் தேட 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் வேண்டும். அதன் ஒளியில் அம்பர் பால் கலந்த நீலமாகவோ மஞ்சள் பச்சையாகவோ ஒளிரும். மலிவான 395 டார்ச்சில் ஊதா வெளிச்சமே மிஞ்சி, ஒளிர்வு மங்கிவிடும். பிளாஸ்டிக்கும் ஒளிரும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது.

நீரில் இறங்கி வலையால் அள்ளுவோர் மார்பளவு நீர்க்காப்புக் கால்சட்டை போடுவார்கள். இடுப்புப் பட்டையை இறுக்காவிட்டால், விழுந்த நொடியில் உள்ளே நீர் புகுந்துவிடும். தனியாக இறங்க வேண்டாம். மணல்மேட்டைத் தோண்டவும் கூடாது. பொறுக்க விடும் கரையிலும் தோண்டலுக்குத் தடை உண்டு.

இனி சொல்வதில் அலட்சியம் வேண்டாம். ஜெர்மனியின் ஊசெடோம் தீவிலும் லாத்வியாவின் லியெபாயா கரையிலும் போர்க்கருவிகளின் மிச்சமான வெண் பாஸ்பரஸ் ஒதுங்குவதுண்டு. பார்வைக்கு அச்சு அசலாக அம்பர். ஈரம் காய்ந்து உடல் சூடு பட்டதும் தானே தீப்பற்றி 1,300 டிகிரி வரை எரியும். எனவே எதையும் சட்டைப் பையில் போடாதீர்கள். மூடியுள்ள தகர டப்பாவில், உடம்போடு ஒட்டாமல் எடுத்துச் செல்லுங்கள். பல்லில் தட்டிப் பார்க்கும் பழைய சோதனையும் வேண்டாம். உடையில் பற்றினால் உடனே கழற்றி எறிந்து, காயத்தை நீரில் நனைத்தபடியே வைத்து 112ஐ அழையுங்கள்.

சோதனைக்கு ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் உப்பை முழுதும் கரைத்துத் துண்டைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், கல், கண்ணாடி, பாஸ்பரஸ் மூழ்கும். மூழ்கியதைக் கையால் எடுக்காதீர்கள். சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும் என்பதால், மிதந்ததைக் காயவைத்து, பழுக்கக் காய்ச்சிய ஊசியின் முனையை மறைவான இடத்தில் வையுங்கள். அம்பர் என்றால் குங்கிலியப் புகை போன்ற மரப்பிசின் வாசனை வரும். பிளாஸ்டிக் என்றால் மூக்கே சொல்லிவிடும். தழும்பு விழும், ஆகவே நல்ல துண்டில் கடைசியாகத்தான் இதைச் செய்ய வேண்டும்.

தேறியதை நல்ல தண்ணீரில் அலசி மென்துணியால் துடைத்தால் போதும். சானிடைசரும் சென்ட்டும் மேற்பரப்பை மங்கச் செய்யும். வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் நாளடைவில் கறுத்து, நுண்வெடிப்பு விடும்.