ஊராட்சிக் குடிநீரில் குளோரின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஊராட்சிகளில் குளோரின் பதிவேட்டைப் புரட்டினால் தினமும் ‘போடப்பட்டது’ என்று எழுதியிருக்கும். அதே ஊரின் கடைசித் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்தால் குளோரின் துளியும் இராது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் தொற்று அபாயம் இருந்தால் 0.5. இந்த அளவு மக்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தொட்டியில் எவ்வளவு போட்டோம் என்பது அதற்கு விடை ஆகாது.

கைப்பிடிக் கணக்கை முதலில் விடுங்கள். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் இது லிட்டருக்குச் சுமார் 1.3 மி.கி. தரும். 20 சதவீதமாக இறங்கிய பவுடர் என்றால் அதே 120 கிராமுக்கு 0.8 மி.கி.தான் கிடைக்கும்; பழைய அளவை எட்ட 200 கிராம் வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் பார்க்காமல், அன்று ஏற்றும் தண்ணீரின் அளவைப் பார்த்துப் போடுங்கள். பாதித் தொட்டிக்கு முழு அளவு போட்டால் ‘மருந்து வாடை’ என்று மக்கள் சண்டைக்கு வருவார்கள். மறுநாள் ஆபரேட்டர் போடுவதையே நிறுத்திவிடுவார். ஒரு சிறிய தராசு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

பவுடர் வலுவிழப்பதற்குப் பெரும்பாலும் வைத்திருக்கும் இடமே காரணம். மோட்டார் அறையின் ஈரத்தில் வாய் திறந்த மூட்டையாகக் கிடந்தால் குளோரின் காற்றோடு போய்விடும், பக்கத்திலுள்ள ஸ்டார்ட்டர் பெட்டியும் துருப்பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், வெயில் படாமல், பலகை மேல் வையுங்கள். டீசல், எண்ணெய், ஆசிட் அருகில் வேண்டாம். தீப்பிடிக்கும், நச்சுவாயு கிளம்பும். மூக்கைத் துளைக்கும் நெடி இருப்பதால் பவுடர் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். கெட்டுக்கொண்டிருக்கும் பவுடரும் நெடியடிக்கும்.

பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுவது அடுத்த தவறு. அதிலுள்ள சுண்ணாம்பு கரையாது. அடியில் படிந்து குழாய்க்குள் போகும். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும், தொட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் விழும் இடத்தில் ஊற்ற வேண்டும். விழுகிற வேகமே கலக்கிவிடும். நிரம்பியபின் ஊற்றினால் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று நிற்கும். அதன்பின் 30 நிமிடமாவது கழித்தே கேட் வால்வைத் திறக்க வேண்டும். பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் எண்) 8-ஐத் தாண்டிய போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் குளோரின் மெதுவாகவே கிருமியைக் கொல்லும்; அங்கே கூடுதல் நேரம் தேவை. மோட்டாரும் விநியோகமும் ஒரே நேரத்தில் ஓடும் ஊர்களில் முதல் தெருவுக்குப் போவது கிருமி நீங்காத தண்ணீர்தான்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வரும் ஊர்களில், ‘அங்கேயே குளோரின் போட்டுத்தானே வருகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். பல கிலோமீட்டர் குழாயில் வந்து சேர்வதற்குள் அது குறைந்துபோகும். தொட்டிக்குள் விழும் தண்ணீரைச் சோதித்து, குறையும் அளவைப் போட்டுச் சரிசெய்யுங்கள். போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றினால் இது கட்டாயம்.

சோதிப்பதிலும் கோளாறு உண்டு. தொட்டிக்குக் கீழேயே குழாயைத் திறந்து பார்த்தால் எப்போதும் நல்ல முடிவுதான் வரும். கடைசித் தெருக்குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஆர்த்தோடாலிடின் என்ற மருந்தை ஊற்றி, மஞ்சள் நிறத்தை வைத்துக் குளோரினை அளக்கும் பழைய குளோராஸ்கோப் கருவியில், இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் குளோரின் இல்லாமலே மஞ்சளாகும். குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரை நம்பகமானது. ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறம் தோன்றிய நொடியே வெளுத்துவிடும், பார்ப்பவர் பூஜ்யம் என்று எழுதிவிடுவார். தொட்டி கழுவிய மறுநாள் இப்படி வந்தால், குளோரின் இல்லாத தண்ணீரைச் சேர்த்துப் பத்து மடங்காக்கி மறுபடி பாருங்கள்.

கடைசிக் குழாயில் உண்மையிலேயே பூஜ்யம் வந்தால், உடனே பவுடரை இரட்டிப்பாக்கத் தோன்றும். அதற்கு முன் குழாய்வழியே நடந்து பாருங்கள். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் போய், வெளியே தேங்கியதை விரிசல் வழியாக உள்ளே இழுக்கும். குடம் வைக்கத் தோண்டிய குழிக்குள் இறங்கிய குழாய்வாய், சாக்கடையைக் கடக்கும் இணைப்பு, கழிவுநீர் நிறைந்த வால்வுத் தொட்டி, வீட்டுக்காரர் நேரடியாகப் பொருத்திய உறிஞ்சு மோட்டார் ஆகிய நான்கையும் தேடுங்கள். வால்வுத் தொட்டியை வற்றவைத்து மூடி போடுங்கள்; சாக்கடைக்குள் ஓடும் இணைப்பை மேலே தூக்கி மாற்றுங்கள்; குழிக் குழாயைத் தரைக்கு மேல் உயர்த்துங்கள். உறிஞ்சு மோட்டார் கடைசி வீடுகளின் தண்ணீரைப் பறிப்பதோடு, தெருச் சாக்கடையையும் எல்லோர் குடத்துக்கும் அழைத்து வருகிறது. இந்த விஷயத்தில் தாட்சண்யம் கூடாது.

தொட்டியை மாதம் இருமுறை கழுவும்போது வண்டலைக் கழிவு வால்வு வழியாக முழுக்க வெளியேற்றுங்கள். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம் பவுடர் கலந்த கரைசலால் சுவரைத் தேய்த்து, அலசிய நீரையும் வெளியே விடுங்கள். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடியைத் திறந்துவைத்து, மேலே ஒருவர் நிற்க வேண்டும். காற்றுக்குழாய்க்கும் வழிகுழாய்க்கும் வலை, மூடிக்குப் பூட்டு.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்கும். அதை அலசிக் கொட்டிவிட்டால் தண்ணீரில் உள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்று, மோசமான தண்ணீருக்கும் நல்ல சான்று வாங்கித்தரும். அலசாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். 100 மி.லி.யில், மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

குளோரினால் ஆகாத விஷயங்களும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிப் போர்களின் ஃபுளோரைடோ, உரமும் கழிவும் இறங்கிய ஊர்களின் நைட்ரேட்டோ பவுடரால் குறையாது. கொதிக்கவைத்தால் இன்னும் செறிவாகும். லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மி.கி.யையோ நைட்ரேட் 45 மி.கி.யையோ தாண்டிய போரை, சுத்திகரிப்பு அமைப்போ மாற்று ஆதாரமோ வரும்வரை, குடிநீர் இணைப்பிலிருந்து துண்டித்துப் புழக்கத்துக்கு மட்டும் விட வேண்டும். புதிதாகப் போர் போட்டவுடன், தொட்டியோடு இணைக்கும் முன்பே இந்த இரண்டையும் சோதித்துவிடுங்கள்.