அறுந்த முனையைப் பாருங்கள்: சூரைக்குப் போலி இரை கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரை மீனுக்குத் தூண்டில் போடப் புதிதாக வருபவர்கள் இரைப்பெட்டியைத் திறந்து காட்டும்போது, முள்ளும், முள்ளோடு இணையும் கடைசித் துண்டு தூண்டில் நரம்பான லீடரும், முடிச்சும் இருக்கும் நிலையைப் பார்த்தாலே எந்த மீன் கைக்கு வராது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் எல்லோரும் செய்த பிழைகளே தலைமுறை மாறியும் அப்படியே தொடர்கின்றன. மழுங்கிய முள், துருப்பிடித்த வளையம், உப்புநீரைக் கழுவாமல் மூடி வைத்த பெட்டி ஆகியவற்றைப் பற்றி யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அறுந்த முனையைப் பார்க்காமல் வெட்டி எறிவது

மீன் போனதும் பலரும் முதலில் செய்வது, கையில் மிஞ்சிய நரம்பின் நுனியைக் கத்தரித்துக் கடாசுவதுதான். என்ன நடந்தது என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த நுனி. அது பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. சொரசொரப்பாகவும் வெண்மை பூத்தும் இருந்தால் மீனின் வாயிலோ படகின் அடியிலோ உராய்ந்து தேய்ந்திருக்கிறது. இழுபட்டு மெலிந்திருந்தால் தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறியிருக்கிறது. பிளேடு வைத்து அறுத்தது போலத் தட்டையாக இருந்தால், அதைப் பற்றித்தான் கீழே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ஸ்லீவை ஓரம்வரை நசுக்குவது

ஏறத்தாழ 100 பவுண்டுக்கு மேல் சுமை தாங்கும் தடித்த நைலான் நரம்பில் முடிச்சுகள் இறுகி அமர்வதில்லை என்பதால், முள்ளின் காதில் நரம்பை வளையமாகக் கோத்து, சிறிய உலோகக் குழாயான ஸ்லீவுக்குள் இரு இழைகளையும் செலுத்தி, குறட்டால் அழுத்தி விடுவது வழக்கம். பார்ப்பதற்கு இது முடிச்சை விட எளிய வேலை; ஆகவே யாரும் இதைக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்குவதில்லை. நன்றாக அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கையில், ஸ்லீவின் ஒரு வாயிலிருந்து மறு வாய்வரை ஒரு இடம் விடாமல் நசுக்குகிறார்கள். அப்படி நசுக்கியதும் வாயின் விளிம்பு உள்நோக்கி மடிந்து நரம்பின் மேல் கூர்மையாக உட்கார்ந்துகொள்கிறது. அதன் பிறகு மீன் ஒவ்வொரு முறை தலையை உதறும்போதும் அந்த விளிம்பு நரம்பை ஒரே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது.

ஒரு படகில் இளைஞர் ஒருவர் நல்ல எடையுள்ள மஞ்சள் துடுப்புச் சூரை ஒன்றை வெகுநேரம் போராடிப் படகருகே கொண்டு வந்திருந்தார். களைத்த சூரை படகின் அடியில் வட்டமடிக்கத் தொடங்கும் அந்தக் கட்டத்தில், வட்டத்தின் ஒரு பாதியில் சுமை கூடுவதும் மறு பாதியில் குறைவதுமாக நரம்பு விட்டுவிட்டு இழுபடும். லீடர் தண்ணீருக்கு மேல் தெரிந்துவிட்டது. ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு அதைப் பிடிக்கவும் தயாராக நின்றார். அப்போது தூண்டில் சட்டென்று நிமிர்ந்தது. சற்று நேரத்தில் குஞ்சம் வைத்த போலி இரை மட்டும் அலையில் மிதந்து எழுந்தது. "நரம்பு மட்டமான சரக்கு அண்ணா, அடுத்த தடவை இன்னும் தடிமனாக வாங்குகிறேன்" என்றார் அவர். நுனியை வாங்கிப் பார்த்தேன், தட்டையாக அறுபட்டிருந்தது. அவர் பெட்டியில் இருந்த மற்ற இரைகளை எடுத்து, ஸ்லீவின் வாயோரம் நகத்தை வைத்து உரசச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் நகம் மாட்டியது.

எனக்கு எரிச்சல் தருவது தவறு நடப்பது அல்ல, அதன் பழி நரம்பின் தலையில் விழுவதுதான். தடித்த நரம்பை வாங்கி, பழைய அளவு ஸ்லீவுக்குள் அதைத் திணித்து, முன்னிலும் வலுவாக நசுக்கினால் அது முன்னிலும் விரைவாக அறுபடும். அப்போதும் பழி நரம்புக்கே போகும்.

சரியான முறை கடினமானதல்ல. நைலானுக்கு மென்மையான அலுமினிய ஸ்லீவையே பயன்படுத்த வேண்டும்; அதன் துளை, நரம்பு தடையின்றி நுழையும் அளவுக்கு மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். இரட்டைக் குழாய் வடிவ ஸ்லீவில் இரு இழைகளும் தனித்தனியாகக் கிடப்பதால், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குறுக்காக நசுங்கும் ஆபத்து இல்லை. குறட்டின் இரு தாடைகளிலும் குழிந்த அச்சு இருக்க வேண்டும். ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் முனையும் உள்ள குறடு உலோகக் கம்பிக்கானது. அதை நைலானில் வைத்தால் ஸ்லீவுக்குள்ளேயே நரம்பு காயப்படும். வீட்டுக் குறட்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. முதலில் நடுவில் அழுத்தி, பிறகு இரு பக்கமும் நகர்ந்து, இரண்டு வாய்களிலும் ஒரு மில்லிமீட்டர் அளவையாவது தொடாமல் விட்டுவிட வேண்டும். தொடாத அந்தப் பகுதி சற்றே விரிந்த மணிவாயாக நின்று நரம்பைக் காக்கும். வெளியே நீட்டிய சிறு நுனியைத் தீயில் காட்டி உருண்டையாக்கி வைப்பது கூடுதல் காப்பு. ஆனால் தீ நாக்கு பக்கத்து இழையைத் தொட்டுவிட்டால் அந்த லீடரை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. கடைசியாக, முள்ளை அசையாத கொக்கி ஒன்றில் மாட்டி, கையுறை அணிந்து, உடல் எடையைக் கொடுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்குவதானால் படகிலேயே வழுக்கட்டும்.

இதே ஸ்லீவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புநீரில் நனைந்த அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு முள்ளோடு உரசிக்கொண்டு கிடந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியமே கரைகிறது. போன பருவத்தில் கட்டிய இரையில் ஸ்லீவைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால், நரம்பு எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் மறுபடியும் கட்டுங்கள்.

முள்ளின் அளவும் இடமும்

குஞ்சம் வைத்த இரையில் முள்ளின் வாய் அகலம் இரையின் தலையை விடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையே முள்முனையை மறைத்து நிற்கும். மீன் கவ்வும், முள் ஏறாது. முள் மிகவும் முன்னே இருந்தாலும் இதே கதைதான். மிகவும் பின்னே தொங்கினால் இரை சாய்ந்து சுழன்று, நேராக ஓடாது. காதுக்கு மேல் சில மணிகளைக் கோத்து, முள்ளின் வளைவு குஞ்சத்தின் கடைசிப் பகுதியில் அமரும்படி தூரத்தைச் சரிசெய்யலாம். 1939 முதல் சாதனை மீன்களைப் பதிவு செய்துவரும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் விதிகளின்படி, பின்முள் குஞ்சத்தைத் தாண்டி ஒரு முள் நீளத்துக்கு மேல் நீளக்கூடாது. சாதனையில் நாட்டமில்லாதவர்களுக்கும் அது நல்ல அளவுகோலே.

வீசி இழுக்கும் மிதவை இரையில் ஆலை பொருத்திய மும்முனை முள்ளை எடுத்துவிட்டு வலுவான ஒற்றை முள் போடுபவர்கள், எடை மாறியதைக் கவனிப்பதில்லை. மிதக்க வேண்டிய இரை மூழ்குகிறது. நிமிர வேண்டியது படுத்துவிடுகிறது. வீசுவதற்கு முன் படகோரம் கடல்நீரில் ஒருமுறை விட்டுப் பாருங்கள். நன்னீர் வாளியில் பார்த்தால் ஏமாற்றும், ஏனெனில் உப்புநீர் சற்று அதிகமாகவே தூக்கிக் காட்டும்.

சூரைக்குக் கம்பி லீடர்

வேண்டாம். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் கத்தி போன்ற பற்கள். சூரையின் பற்கள் சிறியவை, ஆனால் கண் கூரியது.

ஃபுளோரோகார்பன் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நம்புவது

நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பன் நரம்புடையது ஏறத்தாழ 1.42, நைலானுடையது 1.5-க்கும் மேல். எண் நீருடையதை நெருங்கினால் நரம்பு நீரில் குறைவாகத் தெரியும்; ஆகவே அமைதியான தெளிந்த நீரில் வீசும் இரைக்கு ஃபுளோரோகார்பன் லீடர் கொடுத்த காசுக்குப் பயன்தரும். ஆனால் படகு கிளப்பும் நுரைக்குள் வேகமாக இழுத்துச் செல்லும் இரையில் அந்த வேறுபாடு பெரும்பாலும் வீண்செலவு என்பதே என் கருத்து. அங்கே நல்ல நைலானே போதும்.

எஃப்.ஜி. முடிச்சை இறுக்காமல் முடிப்பது

பின்னிய நரம்பான பிரெய்டை லீடரோடு இணைக்க இதைவிட மெலிந்த, வழிகாட்டி வளையங்களில் தட்டாமல் ஓடும் இணைப்பு அரிது. லீடரில் முடிச்சே விழுவதில்லை. மாறிமாறிச் சுற்றிய பிரெய்டு அதைக் கவ்வுவதுதான் பிடிமானம். எனவே ஏறத்தாழ 20 சுற்றுகள் போட்டதும், பூட்டு முடிச்சுகளை முழுவதும் போட்டு முடிப்பதற்கு முன்பே, சுற்றுகளை நனைத்து, கையுறையோடு முழு பலத்தில் இழுக்க வேண்டும். கவ்வியதும் பிரெய்டின் நிறம் கருத்துத் தெரியும். நிறம் மாறாத முடிச்சு மீனின் முதல் ஓட்டத்திலேயே உருவிக்கொண்டு போய்விடும். சுருள் சுருளான பிரெய்டு நுனி மட்டும் திரும்பி வரும். மேலே பசை பூசினால் அது தீராது.

ஸ்பிளிட் ரிங்கில் நேரடியாகக் கட்டுவது

சாவிக்கொத்து வளையம் போல இரு சுற்றாக உள்ள அதன் இடுக்கில் நரம்பு நுழைந்துவிடும். இடுக்கில்லாத திட வளையத்தில் கட்டி, அதை ஸ்பிளிட் ரிங்கில் கோத்துவிடுங்கள்.

இரையின் மூக்கில் கனத்த சுவிவல்

நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பான சுவிவலின் இடம் லீடரின் மறுமுனை.

ஒரு மீன் வந்தபின் அதே லீடரோடு தொடர்வது

நீண்ட போராட்டத்தில் சிறிய பற்களும்கூட நரம்பை அரம்போல் தேய்க்கும். முள்ளுக்கு மேலுள்ள ஒரு மீட்டரை இரு நகங்களுக்கு இடையே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு நகத்துக்குத் தெரியும். தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். கூட்டம் மேலே வந்து கொதிக்கும் நேரத்தில் அதற்குப் பொறுமை இருக்காது என்பதால், கட்டி முடித்த லீடர்களைக் கரையிலேயே சுருட்டித் தயாராக வைத்திருப்பது நல்லது.